நடுத்தூணுக்குள் ஓர் ஆட்டுக்குட்டி

“வெளிய வாடா! சாக்குத் துணிய அடைச்சி கார் ரிப்பேர் பண்ற பொறுக்கி, வெளிய வாடா!”

“கத்தாத குணா. மொதல்ல கையில இருக்கிற சுத்திய கீழ வை. அது என்னுது. ஈஸ்டருக்கு வாங்கிட்டுப் போனது, இன்னும் திருப்பித் தரல நீ.”

“தர்றேன்டா. உன் மண்டையிலயே தர்றேன்!”

சொன்னபடியே தந்தார் குணசேகர். சுப்பராயன் தலையைச் சாய்த்துக்கொண்டதால் சுத்தியல் தோள்பட்டையில் இறங்கியது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். எங்கள் மாடி வரைக்கும் கேட்டது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு அது மாதா கோயிலில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற நேரம். கறிக்கடைக்குக் கிளம்பியவர்கள் பையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டுச் சுனிதா, பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், ஒரு பெண்ணின் புருவத்தைப் பாதி திருத்தியவள் மீதியை அப்படியே விட்டுவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நானும் மாடியில் நிற்பது சரிப்படாது என்று கீழே இறங்கினேன். மாடியிலிருந்து பார்த்தால் முகபாவம் தெரியாது.

குணசேகர் யார் என்று கேட்டால், எங்கள் தெருவில் கார் இருந்த முதல் ஆள். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்து டாக்டர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடமிருந்து ஒரு ஃபியட் காரை வாங்கினாராம். முன்கதவுகள் பின்பக்கமாகத் திறக்கிற அந்தக் காலத்து மாடல். அப்பா செத்தபிறகு மூன்று பிள்ளைகளும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். கடைசியில் குணசேகர் ஜெயித்து, அதைப் பெங்களூருக்கு ஓட்டிவந்து, வீட்டு முன்வாசலில் நிறுத்தி, ஞாயிறுதோறும் குளிப்பாட்டினார். பொண்டாட்டி ஆரோக்கியமேரிக்குத் தலைவலி என்றால் மாத்திரை வாங்கச் சோம்பல். காருக்கு மெழுகு வாங்க சிவாஜிநகர் வரை போவார்.

சுப்பராயன் தெருக்கோடியில் தகரக் கொட்டகை போட்டு டிங்கரிங் வேலை செய்கிறவர். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது, ஓட்டையைப் பட்டி பூசி மறைப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அவர்தான். அவரும் தங்கவயல்காரர்தான். சுரங்கத் தொழிலாளர் லைனில் குணசேகர் வீட்டுக்கு மூன்றாவது வீடு. சின்ன வயசிலிருந்து சேர்ந்து குடித்தவர்கள், சேர்ந்து வாந்தி எடுத்தவர்கள். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆனாலும் எங்கள் கோயிலில் கிறிஸ்மஸ் குடில் கட்டுவது அவர்தான். சாக்கைச் சிமென்ட் பாலில் முக்கி, கம்பி மேல் போர்த்தி, பச்சை பெயின்ட் தெளித்து, ஜிகினா தூவினார் என்றால் பெத்லகேம் மலை தத்ரூபமாக நிற்கும். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கப் பங்குச்சாமிக்கு மனசு வராது. விசுவாசிகள் கட்டின குடில் ஒரு வருஷம் சரிந்து சூசையப்பர் மேலேயே விழுந்தது.

இந்த இரண்டு பேரும்தான் இப்போது நடுரோட்டில் ஒருவரை ஒருவர் கொல்லப் பார்த்தார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஆரோக்கியமேரியின் இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொரோனாவுக்கு முந்தின கிறிஸ்மஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்குக் குணசேகர் குடும்பத்தோடு தங்கவயலில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். கார் புது பெயின்ட்டில் பளபளவென்று இருந்தது. அண்ணன் தம்பிகள் வயிறு எரிய வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம், இயேசு பிறந்தது அப்புறம். முன்சீட்டில் ஆரோக்கியமேரி. பின்சீட்டில் மகள் மோனிகாவும் கேக் பெட்டியும். பங்காருப்பேட்டைக்குத் திரும்புகிற வளைவில் முன்கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு பறந்தது. கூடவே கதவில் கை ஊன்றி உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரியும் போனாள். தார் ரோட்டில் உருண்டு, மைல்கல்லில் இடித்து நின்றாள். இடது இடுப்பு இரண்டாக உடைந்தது.

குணசேகர் வண்டியை நிறுத்தி இறங்கினார். முதலில் கதவைப் போய்த் தூக்கிப் பார்த்தார். அது நெளிந்திருந்தது. அப்புறம் பொண்டாட்டியிடம் வந்து, கிடந்த இடத்திலேயே கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

“கதவ சாத்தத் தெரியாதாடி உனக்கு? காத்து பிடிச்சி இழுத்துட்டு போச்சி பாரு!”

இதை மோனிகாவே ஒரு தடவை அழுதுகொண்டே சுனிதாவிடம் சொல்லியிருக்கிறாள். சுனிதாவிடம் சொன்னது தெருவில் மைக் வைத்துச் சொன்னதற்குச் சமம்.

பிய்ந்த கதவைக் குணசேகர் யாரிடமும் கொடுக்காமல் தானே பட்டி பூசி ஒட்டவைத்து, வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஆரோக்கியமேரிக்கு அதன்பிறகு இடுப்பில் கம்பி, தகடு, நடக்கும்போது இடது பக்கம் ஒரு சரிவு. அதைவிட மோசம் அந்தப் பேச்சு. பின்பக்கமாகத் திறக்கிற கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் காற்று பிடித்துக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் குணசேகர் சொன்னதை எல்லோரும் நம்பினோம். “நான் சாத்தினேங்க. டக்குனு சத்தம் கேட்டுச்சி” என்று அவள் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். பங்காளி வீட்டு விசேஷங்களில் மூத்த ஓரகத்தி, “மேரி, பாத்ரூம் கதவ சாத்திட்டியா, இல்ல பறந்துடப்போவுது” என்று கேட்டுச் சிரிப்பாள். வீட்டில் ஃபிரிட்ஜைச் சாத்தினாலும் கேட்டைச் சாத்தினாலும் குணசேகர் ஒரு வார்த்தை விடுவார். கொஞ்சம் குடித்திருந்தால் கையையும் விடுவார். அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆனால் கதவை அன்றைக்குத் தான் சாத்தியதாக ஒருவராவது ஒப்புக்கொள்ள மாட்டார்களா என்கிற ஏக்கம் போகவில்லை. பங்குச்சாமியிடம் ரகசியமாகச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அதையே பேசுகிறாள் என்று கேள்வி. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இப்போது மோனிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வைட்ஃபீல்டில் கூட வேலை பார்க்கிற பையன், ஹரிஷ்குமார், மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். காலையில் கோயில், சாயங்காலம் அவர்கள் முறைப்படி தாலி என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். பையனுக்குப் பழைய கார் பைத்தியம். மாமனார் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் ஒரு ஃபியட் இருக்கிறது என்று தெரிந்ததும் மோனிகாவைப் பார்ப்பதைவிட அதைப் பார்க்க அதிகம் வந்தான். பொண்ணு அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போகணும் என்று குணசேகரும் அறிவித்திருந்தார். அதற்கு முன்னால் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று அன்று காலை ஹரிஷ்குமார் வந்தான். கையில் துணி சுற்றிய காந்தம்.

“எதுக்கு தம்பி இதெல்லாம்? தோசை சாப்புடு வா” என்றார் குணசேகர்.

“அஞ்சு நிமிஷம் மாமா. தகடு இருக்கிற எடத்துல ஒட்டும், பட்டி மட்டும் இருந்தா ஒட்டாது. சும்மா ஒரு செக்.”

பானெட்டில் காந்தம் ஒட்டியது. கதவின் அடிப்பக்கத்தில் வைத்தான், வழுக்கியது. இடது பக்கம் முன்கதவும் பின்கதவும் கீல் மாட்டியிருக்கிற நடுத்தூணில் வைத்தான். பொத்தென்று கீழே விழுந்தது. விரல் முட்டியால் தட்டினான். மேலே டங் டங். கீழே, பூசணிக்காயைத் தட்டின சத்தம்.

“தம்பி, தோசை ஆறிடுது.”

“மாமா, இங்க உள்ள என்னவோ இருக்கு.”

“அது அப்படித்தான் தம்பி, பழைய வண்டி. மேரி, சட்னி வை தம்பிக்கு!”

இப்போது யோசித்தால், குணசேகர் அன்றைக்கு அத்தனை தடவை தோசைக்குக் கூப்பிட்டதே சரியில்லை. யாரையும் சாப்பிடக் கூப்பிடுகிற ஆசாமி இல்லை அவர். ஹரிஷ்குமார் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினான். பிடி வரைக்கும் உள்ளே போனது. நெம்பினான். கெட்டியான பட்டி ஒரு பெரிய பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இரும்பே இல்லை. துருத்தூள் ஒரு கைப்பிடி, அதன் மேல் தாடி மாதிரி சாக்கு நார். குறட்டால் பிடித்து இழுக்க இழுக்க, சிமென்ட் பாலில் விறைத்துப்போன சாக்கு வந்துகொண்டே இருந்தது. அதில் பச்சை பெயின்ட், ஜிகினா மினுக்கம். கடைசியில் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொம்மை ஆட்டுக்குட்டி வந்து விழுந்தது. தலை இல்லை.

வாசலில் கூடியிருந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வருஷம் குடிலில் ஓர் ஆடு குறைந்ததைத் தெருவே கவனித்திருந்தது.

ஆரோக்கியமேரி காபி டம்ளரோடு நின்றிருந்தாள். பையன் விவரம் தெரியாமல் அவளிடமே திரும்பிச் சொன்னான்: “ஆன்ட்டி, கீல் ஸ்க்ரூ எதுலயும் பிடிக்கவே இல்ல பாருங்க. வெறும் சிமென்ட்ல நின்னிருக்கு. நீங்க சாத்தினாலும் சாத்தாட்டியும் இந்தக் கதவு பிச்சிக்கிட்டுதான் போயிருக்கும்.”

“இன்னொரு தடவ சொல்லு தம்பி.”

சொன்னான். அவள் டம்ளரைப் பானெட் மேல் வைத்தாள். அந்தப் பானெட் மேல் ஒரு டம்ளரை வைத்ததற்காக முன்பு ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

“கேட்டீங்களா?” என்றாள் புருஷனிடம். “கதவு எதனால போச்சுன்னு தம்பி சொல்றான், கேட்டீங்களா?”

குணசேகருக்கு அந்த இடத்தில் உடனே ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். ஆட்டுக்குட்டி ஆளைக் காட்டிக்கொடுத்திருந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு, “அந்த நாய இன்னிக்குக் கொல்லாம விடமாட்டேன்” என்று தெருக்கோடிக்கு ஓடினார். தெருவும் கூட ஓடியது.

அங்கேதான் சுப்பராயனுக்குத் தோள்பட்டை போனது.

வலது கை தொங்கிவிட்டாலும் மனுஷனுக்கு இடது கை இருந்தது. தகடு நிமிர்த்துகிற மரச்சுத்தியை எடுத்துக் குணசேகர் முகத்தில் குறுக்காக வீசினார். மூக்கு பக்கவாட்டில் போய் உட்கார்ந்தது. ரத்தம் குபுக்கென்று கொட்டி, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்தது. குணசேகர் பாய்ந்து கழுத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் பெயின்ட் டப்பாக்கள் மேல் விழுந்து, சிவப்பிலும் கறுப்பிலும் உருண்டு, எது ரத்தம் எது பெயின்ட் என்று தெரியாத மாதிரி எழுந்தார்கள்.

“பேடா, குணா அவரே, பேடா! வேணாம்!” என்று கிருஷ்ணப்பா கன்னடம், தமிழ் இரண்டு பாஷையிலும் கத்தினார். தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஓனர். தூரத்தில் நின்றபடியே கத்தினார்.

ஹரிஷ்குமார் நடுவில் புகுந்தான். யாருடைய முழங்கையோ கண்ணாடியை உடைத்து, புருவத்தைக் கிழித்தது. சுனிதாவின் கடையில் அரைப் புருவத்தோடு எழுந்துவந்திருந்த பெண் அவனை இழுத்து ஓரமாக உட்கார வைத்தாள். குணசேகர் சுப்பராயனின் காதைக் கடித்தார். சுப்பராயன் முழங்காலால் வயிற்றில் இடித்தார். குணசேகர் கீழே கிடந்த பட்டித் தகட்டை எடுத்து வாயில் ஓங்கி அடித்தார். முன்பற்கள் தெறித்து, கறிப்பையோடு நின்றவர்களின் காலடியில் விழுந்தன. அவர்கள் ஓரடி பின்வாங்கி நின்றார்கள், போகவில்லை.

“வாடா, வந்து பாருடா உன் வேலைய!”

சட்டைக் காலரைப் பிடித்து, நெடுக இழுத்துக்கொண்டே, தெருக்கோடியிலிருந்து தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். சுப்பராயனின் செருப்பு ஒன்று கிருஷ்ணப்பா வீட்டு வாசலிலும் இன்னொன்று சாக்கடையிலும் தங்கின. காருக்குப் பக்கத்தில் வந்ததும் தலைமயிரைப் பிடித்து அந்த நடுத்தூணில் மோதினார். மறுபடியும் மோதினார். மண்டை இடித்த இடத்திலெல்லாம் பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. சுப்பராயன் தன் வேலையின் தரத்தைத் தன் தலையாலேயே பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

“என் பொண்டாட்டி இடுப்ப ஒடச்சது நீதான்டா! சொல்லுடா எல்லாருக்கும்!”

ஆரோக்கியமேரி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒரு நொடி, அவள் முகத்தைப் பார்த்தேன், கிட்டத்தட்ட சந்தோஷம் தெரிந்தது. புருஷன் தனக்காக ஒருவனை அடிக்கிறான். கதவை அவள் சாத்தினாள் என்று அதற்கு அர்த்தம்.

சுப்பராயன் ரத்தத்தைத் துப்பினார்.

“சொல்றேன்” என்றார். பல் இல்லாததால் வார்த்தைகள் காற்றோடு வந்தன. “சொல்றேன் குணா. நீ கேட்டியே, சொல்றேன். மேரி, நீயும் கேளு. டிசம்பர்ல வண்டிய கொண்டாந்தான். பில்லர் அடியில இத்துப்போச்சி, வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சி வெல்டிங் பண்ணணும், பொங்கல் ஆவும்னு சொன்னேன். முடியாது, கிறிஸ்மஸ்க்கு ஊருக்குப் போவணும், அண்ணன் முன்னாடி வண்டி மின்னணும்னான். கோயில்ல குடில் வேல நடக்குது, நேரமில்லன்னு சொன்னேன். அந்த சாக்கையே போட்டு அடைடா, யாருக்குத் தெரியப்போவுதுன்னு இவன்தான் சொன்னான். இவனே கூட நின்னு சாக்கத் திணிச்சான். ஆட்டுக்குட்டி கையில கெடச்சிது, அதையும் போட்டு அழுத்தினான்.”

“டேய்!”

“பண்ணது தப்புதான். என் கையாலதான் பட்டி பாத்தேன், இல்லங்கல. ஆனா வண்டிய எடுக்கும்போது சொன்னேன் மேரி. என் ஆத்தா மேல ஆணையா சொன்னேன். அந்தப் பக்கம் முன்சீட்ல யாரையும் உக்கார வெக்காத, எப்ப வேணா கழண்டுக்கும்னு. சரிடா சரிடான்னு தலையாட்டிட்டுப் போனான்.”

 சுனிதாகூட போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

“பொய்!” என்றார் குணசேகர். “அடி விழுந்ததும் அளக்கறான்.”

அப்போதுதான் மோனிகா பேசினாள். அதுவரை வாசற்படியில் ஹரிஷ்குமாரின் புருவத்தில் துப்பட்டாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்தாள்.

“அப்பா, அன்னிக்கு முன்னாடி நான்தான் ஏறி உக்காந்தேன். ஞாபகம் இருக்கா? கைய புடிச்சி இழுத்து எறக்கினீங்க. நீ பின்னாடி போ, அம்மா உக்காரட்டும்னு சொன்னீங்க.”

குணசேகர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். ரத்தம் நிற்கவில்லை.

“ஏம்ப்பா எறக்கினீங்க?”

அதற்குக் கையைத்தான் நீட்டினார். மோனிகாவின் கன்னத்தில் விழுந்த அறையில் அவள் கம்மல் கழன்று போய் விழுந்தது. கல்யாணத்துக்கு இருக்கிற பெண் என்றும் பார்க்கவில்லை, மாப்பிள்ளை பார்க்கிறான் என்றும் பார்க்கவில்லை.

“எல்லாரும் சேந்துட்டீங்களா? இவன இன்னிக்கு முடிச்சிட்டுதான் மறுவேல!”

ஜாக்கி ராடை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார். காரைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்து முன்கதவைத் திறந்து, ஒரு கையால் முன்கண்ணாடி ஓரத் தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார். சுப்பராயன் எழுந்து ஓடப் பார்த்தார், கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். ராடு இரும்பு, நல்ல கனம். எடுத்திருந்தால் அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு சாவு நிச்சயம்.

ஆரோக்கியமேரி பானெட்டைப் பிடித்தபடி, இடது பக்கம் சரிந்து சரிந்து, வண்டியின் முன்னால் சுற்றி வந்தாள். அவசரப்படவில்லை. அவளால் அவசரப்படவும் முடியாது. திறந்திருந்த கதவின் வெளிப்பக்கம் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்து, உடம்பு மொத்தத்தையும் கொடுத்துச் சாத்தினாள்.

குணசேகரின் விரல்கள் தூணைப் பிடித்த இடத்திலேயே இருந்தன.

அவர் போட்ட கூச்சலில் கோயில் கூரைப் புறாக்கள் கிளம்பின. உள்ளே குனிந்திருந்த தலை ஸ்டியரிங்கில் மோதியது. கதவு முழுசாக மூடவில்லை, நடுவில் விரல்கள் இருந்தன. அவள் கதவைக் கொஞ்சம் திறந்தாள். விடப்போகிறாள் என்று நினைத்தோம். மறுபடியும் சாத்தினாள். இந்தத் தடவை எலும்பு நொறுங்குவது கேட்டது.

“சத்தம் கேட்டுச்சா?” என்றாள்.

“மேரி, விடுடி! கை... கைடி!”

“கேட்டுச்சான்னு கேக்கறேன். அன்னிக்கும் இப்படித்தான் கேட்டுச்சி. எத்தன வருஷமா சொல்றேன். நீ உக்கார வெச்ச. தெரிஞ்சே உக்கார வெச்ச. கீழ விழுந்து கெடந்தவள அடிச்ச.”

புருஷனை அவள் ‘நீ’ என்று சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. தோளைக் கதவில் முட்டுக்கொடுத்து அப்படியே நின்றாள். ரத்தம் கதவு இடுக்கில் வழிந்து, ஃபுட்போர்டில் சொட்டியது. யாரும் கிட்டப் போகவில்லை. கிருஷ்ணப்பா வாயைத் திறந்து, எந்த பாஷையில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். குணசேகர் கெஞ்சினார், அழுதார், மாதாவைக் கூப்பிட்டார், பெற்ற அம்மாவைக் கூப்பிட்டார்.

மோனிகாதான் போய் அம்மாவின் தோள்மேல் கை வைத்தாள். “போதும்மா.”

அவள் விலகினாள். கதவு தானாகப் பின்பக்கம் திறந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் எங்கே வரும்? கிடைத்த ஒரே ஆட்டோவில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒருவர் தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டும் இன்னொருவர் நசுங்கின கையைத் துண்டில் சுற்றிக்கொண்டும் போனார்கள். வழியில் மேட்டில் வண்டி குலுங்கியபோது ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள் என்று ஆட்டோக்காரர் வந்து சொன்னார். குணசேகருக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று மடங்காது. சுப்பராயனுக்குத் தோளில் பிளேட், வாயில் பல்செட்.

போலீஸ் வந்தது. குணசேகர், சண்டையில் கதவு தானாக மூடிக்கொண்டது என்று எழுதிக்கொடுத்தார். பொண்டாட்டி செய்தாள் என்று சொல்ல வெட்கம். சுப்பராயன் புகார் இல்லை என்றார். கிருஷ்ணப்பா, “ஆக்ஸிடென்ட் சார், தெருக்காரங்க எல்லாரும் ஒள்ளேயவங்க” என்று நல்லவர் சர்ட்டிஃபிகேட் கொடுத்தார். சுனிதாவின் வீடியோ தெருவைத் தாண்டிப் போவதற்குள் மோனிகா வந்து எதிரில் உட்கார்ந்து அழிக்க வைத்தாள். நான் அதற்குள் பார்த்துவிட்டேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து சம்பந்தம் முறிந்த செய்தி வரும் என்று காத்திருந்தோம். வந்தது பையனின் அம்மா ராஜலக்ஷ்மி. கட்டுப் போட்ட புருவத்தோடு மகனைக் கூட்டிக்கொண்டு, நேரே ஆரோக்கியமேரியின் வீட்டுக்குள் போனாள். வெளியே வரும்போது சுனிதா பல்லைக் காட்டி ஏதோ கேட்டாள். “பொண்ணு எடுத்தா இந்த மாதிரி அம்மா இருக்கற வீட்டுல எடுக்கணும்மா. என் பிள்ளை ஆயுசுக்கும் ஒழுங்கா இருப்பான்” என்றாளாம்.

ஆரோக்கியமேரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். குணசேகர் கல்யாணத்துக்கு வரலாம், பொண்ணைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போகலாம். அதற்கு முன்னால், தங்கவயல் பங்காளிகள் அத்தனை பேரும் இருக்கும்போது, ‘மேரி கதவைச் சாத்தினாள், தப்பு என்னுது’ என்று வாயால் சொல்ல வேண்டும். பங்குச்சாமி பேசிப் பார்த்தார். மாப்பிள்ளை பேசிப் பார்த்தான். அண்ணன்காரனே வந்து, “சொல்லித் தொலையேன்டா” என்றான். குணசேகருக்கு வாய் வரவில்லை. விரல் போனது பெரிதாக இல்லை, அதைச் சொல்வதுதான் பெரிதாக இருந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஆரோக்கியமேரி காரைப் பழைய இரும்புக்குப் போட்டாள். கிரேன் வைத்துத் தூக்கும்போது அது நடுவில் முறிந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் தொங்கியது. உள்ளேயிருந்து இன்னும் நிறைய சாக்கு விழுந்தது.

கல்யாணம் ஜனவரியில் நடந்தது. மோனிகா வாடகை டாக்ஸியில் வந்து இறங்கினாள். அம்மாதான் கையைப் பிடித்து, சரிந்து சரிந்து, நடுக்கோயிலில் நடத்திக்கொண்டு போனாள். தங்கவயல் கூட்டம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. மூத்த ஓரகத்தி விருந்தில் கை கழுவப் போகும்போதுகூட ஆரோக்கியமேரி பக்கம் வரவில்லை, பின்வழியாகப் போனாள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பிரியாணியில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

மோனிகாவும் ஹரிஷ்குமாரும் வைட்ஃபீல்டில் ஃபிளாட் பிடித்துப் போனார்கள். சுப்பராயன் கொட்டகையைக் காலி செய்துவிட்டு ஓசூரில் இருக்கும் தம்பியிடம் போனார். அடுத்த கிறிஸ்மஸுக்குத் தெர்மோகோலில் குடில் கட்டினார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. அரைப் புருவத்தோடு அன்று நின்ற பெண்ணைக் கிருஷ்ணப்பாவின் தங்கை மகன் உமேஷ் கட்டிக்கொண்டான். அந்தச் சண்டையில்தான் இரண்டு பேரும் முதலில் பேசிக்கொண்டார்களாம்.

ஆரோக்கியமேரி எங்கேயும் போகவில்லை. கார் நின்ற முன்வாசலைச் சுவர் எழுப்பி அறையாக்கி, சுனிதாவின் பார்லருக்கு வாடகைக்கு விட்டாள். இப்போதெல்லாம் தெருச் செய்தி முதலில் அந்த வீட்டுக்குத்தான் போகிறது. எனக்கு மறுநாள்தான் வருகிறது.